ஒண்ணுமில்ல வந்த கதை

ஒரே ஒரு ஊரிலே, ஒரே ஒரு கதவுக்குப் பின்னாலே, ஒரே ஒரு ஆணியிலே ஒரு கயிறு தொங்கிக்கொண்டிருந்ததாம்.

சும்மா கயிறு இல்லை. தூத்துக்குடித் தோணியில் பாய் கட்டின கயிறு. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்த கயிறு. தோணி பழசாகிக் கரையேறியபோது யாரோ அதில் ஆறு முழம் வெட்டி, ஒரு முனையில் கொக்கி மாட்டி, மறுமுனையில் கை நுழைக்க வளையம் முடிந்து, நாய் பிடிக்கிற கயிறாக ஆக்கிவிட்டார்கள். கயிற்றுக்கு அதில் வருத்தம் கிடையாது. காற்று இழுத்தால் என்ன, நாய் இழுத்தால் என்ன, இழுப்பதைத் தாங்குவதுதானே தொழில். ஒரே ஒரு பெருமையை மட்டும் அது விடவில்லை. "நான் இதுவரைக்கும் முடிச்சு விட்டதில்ல" என்று, அந்த ஆணிக்கு வந்து சேருகிற எல்லோரிடமும் ஒரு தடவையாவது சொல்லிவிடும்.

வளையம் இருக்கிற முனை ஞானதுரைக்கு. அவர் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஊர்க் கல்யாணமெல்லாம் அவர் கண்ணில் பட்டுத்தான் போகும். அவர் ஒரு கல்யாணத்துக்கும் போனதில்லை. நாலு பேர் நிற்கிற இடமென்றால், தொலைந்துபோன செருப்பைத் தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டே கடந்துவிடுவார். இந்த வீட்டுக்குக் குடிவந்து நாலு வருஷம் ஆகிறது. தெருவில் ஒருத்தர் பெயர் தெரியாது.

கொக்கி இருக்கிற முனை புயலுக்கு. புயல் என்பது நாயின் பெயர். மூன்று வருஷத்துக்கு முன்னால் புயலடித்த அன்று வாசலில் நனைந்துபோய் ஒதுங்கிய குட்டி, அதனால் அந்தப் பெயர். மற்றபடி பெயருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தெருவில் சிலிண்டர் வண்டி வந்தால் புயல் கட்டிலுக்கு அடியில் நிலைகொண்டுவிடும். அது கரையைக் கடக்க மத்தியானம் ஆகும்.

தெருவில் நடத்திக் கூட்டிப்போனால் வேறு கூத்து. குடை பிடித்தவர், ஹெல்மெட் போட்டவர், தலையில் பூக்கூடை வைத்தவர், யாரைக் கண்டாலும் அதன் வால் வயிற்றுக்கு அடியில் போய்விடும். பல் வெளியே வந்துவிடும். பின்னால் பின்னால் இழுத்துக்கொண்டே தொண்டை கிழியக் குரைக்கும். பார்த்தவர்கள் அதைக் கோபம் என்றார்கள். நடுக்கம் என்று தெரிந்தது கயிற்றுக்கு மட்டும்தான். அதுதானே கழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் வீட்டுக்காரர் தங்கப்பழம் அண்ணாச்சி மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஊருக்கு வெளியே உப்பளம் வைத்திருக்கிறவர். கையில் ஒரு இரும்புச் செயின்.

"ஞானதுரை, தப்பா நெனைக்காதீரும்," என்றார். "அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி எம் பேத்தி வாரா. ஒண்ணரை வயசுப் புள்ள. ஒம்ம நாய் குலைக்கிற குலைக்கு அது தூக்கத்துல விதுக்கு விதுக்குன்னு எந்திரிச்சிரும்."

ஞானதுரை தன் செருப்பைப் பார்த்தார்.

"அதுக்குள்ள ஒரு வழிக்கு வந்தா சரி. வரலேன்னா நம்ம உப்பளத்துல கொண்டு கட்டிருவோம். அங்க காவலுக்குக் குலைக்கிற நாய் ஒண்ணு வேணும்னு நானும் தேடிக்கிட்டுதான் இருக்கேன். சோறு தண்ணிக்குக் குறை வைக்க மாட்டேன். ஒண்ணாந்தேதி காலையில நானே வந்து பாக்கேன். என்ன வே, வாயத் தொறக்க மாட்டேங்கீரு?"

ஞானதுரை தலையை மட்டும் ஆட்டினார். அண்ணாச்சி அந்தச் செயினைக் கயிற்றுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டு மாடிக்குப் போனார்.

ஆள் போனதும் செயின் ஒரு குலுங்கு குலுங்கியது.

"என்ன வே நூல்கண்டு, ஒம்ம பொழப்பு இன்னும் முப்பது நாளுதான் போல."

"நான் நூல்கண்டு இல்ல. தோணிக் கயிறு. இதுவரைக்கும் முடிச்சு—"

"விட்டதில்ல. பக்கத்துல தொங்குற குடை இப்பத்தான் சொல்லிச்சு, அடுத்தாப்புல நீரு அதைத்தான் சொல்லுவீருன்னு."

"உப்பளத்துக்குத் தாராளமாப் போரும்," என்றது கயிறு. "அந்தக் காத்துல மூணு மாசம் கிடந்து பாரும். எது துரு, எது நீருன்னு ஒமக்கே தெரியாது."



"நாய் போகக் கூடாது," என்றது குடை. அதே ஆணியின் ஓரத்தில் தொங்குகிற கறுப்புக் குடை. "அது என்னையக் கண்டுதான் ரொம்பப் பயப்படுது. நான் என்ன பாவம் செஞ்சேன்? மழை பெஞ்சா விரியுதேன், வெறிச்சா சுருங்குதேன். எனக்கு வேற எதுவும் தெரியாது."

"அழாதீங்க மதினி," என்றது கயிறு. "நீங்க அழுதா தரையெல்லாம் சொட்டும். நான் அவன்கிட்டயே கேக்கேன்."

ஞானதுரை அச்சகத்துக்குப் போகும்வரைக்கும் கயிறு காத்திருந்தது. பிறகு கேட்டது: "மருமகனே, நெஜத்தைச் சொல்லு. தெருவுல நீ எதைக் கண்டு பயப்படுதே? குடையவா, சிலிண்டரையா?"

புயல் கட்டிலுக்கு அடியிலிருந்து மூக்கை மட்டும் நீட்டியது. "அதெல்லாம் இல்ல மாமா. ஒண்ணுமில்லையத்தான்."

"ஒண்ணுமில்லேன்னா எதுக்குடே நடுங்குதே?"

"அதைத்தான் சொல்லுதேன். ஒண்ணுமில்ல வாரான்லா, அதுக்குத்தான்."

"யாரு வாரா?"

"ஒண்ணுமில்ல. அவன் பேரே அதான்," என்று குரலைத் தாழ்த்தியது புயல். "பெரிய பூதம். நாம பாட்டுக்கு நடந்து போவோம், எல்லாம் நல்லாத்தான் இருக்கும். திடீர்னு ஐயா அவனைப் பாத்துருவாரு. பாத்ததும், 'ஒண்ணுமில்லடே, ஒண்ணுமில்லடே'ன்னு எனக்குச் சொல்லுவாரு. அவரு குரலே நடுங்கும். நீங்களும் எங் கழுத்துல இறுகுவீங்க. நான் நிமிந்து பாப்பேன், நிப்பான். ஒரு நாள் குடை வேஷத்துல. ஒரு நாள் ஹெல்மெட் வேஷத்துல. ஐயாவே பயந்து, நீங்களும் பயந்தா, அவன் எம்மாம் பெரிய ஆளா இருக்கணும்? அதான் முந்திக்கிட்டுக் குலைச்சு வெரட்டிருதேன். குலைச்சா அவன் போயிருதான், பாத்தீங்கல்லா?"

செயின் சிரித்த சிரிப்பில் ஆணி ஆடியது. கயிறு சிரிக்கவில்லை. நீங்களும் இறுகுவீங்க என்ற சொல் அதன் ஏதோ ஒரு இழையில் போய் மாட்டிக்கொண்டது.

"நானா இறுகல டே," என்றது மெதுவாக. "அந்த முனையில கை இறுகுது. அங்க போட்டதை இங்க சேக்கேன். தபால்காரன் மாதிரி."

"தபால் தவறாமச் சேருது மாமா," என்றது புயல், மரியாதையாக.

குடை வெறும் குடைதான் என்று புயலுக்குப் பழக்குவதற்கு அன்றைக்கே ஒரு ஏற்பாடு ஆயிற்று. ஞானதுரை போகும்போது நாய்க்கு ஒரு தட்டில் நாலு டீக்கடைப் பொறை வைத்துவிட்டுப் போவார். மறுநாள் அவர் தலை மறைந்ததும் குடை ஆணியிலிருந்து நழுவி, தட்டுக்குப் பக்கத்தில் போய்ச் சுருங்கினபடியே படுத்துக்கொண்டது.

"கூப்பிடாதீங்க மதினி," என்று கயிறு மேலேயிருந்து சொன்னது. "வான்னும் சொல்ல வேண்டாம், அவனைப் பாக்கவும் வேண்டாம். கடல் அடங்கணும்னு யாரும் அலையப் போய்ப் பிடிச்சு அமுக்குறதில்ல. சும்மா கிடங்க, போதும்."

சும்மா கிடப்பது குடைக்கு நன்றாகவே வரும். தூத்துக்குடியில் வருஷத்துக்குப் பத்து நாள் மழை பெய்தால் பெரிய காரியம்.

முதல் நாள் புயல் கட்டிலை விட்டு வரவில்லை. பொறை நமத்துப்போயிற்று. இரண்டாம் நாள் ஒரு கால் வெளியே வந்து, யோசித்து, உள்ளே போயிற்று. மூன்றாம் நாள் ஒரு பொறையைக் கவ்விக்கொண்டு திருடன் மாதிரி ஓடியது. அஞ்சாம் நாள் தட்டுக்குப் பக்கத்திலேயே நின்று தின்றது, ஒரு கண் குடைமேலேயே இருந்தாலும். ஏழாம் நாள் ஃபேன் காற்றை வாங்கிக் குடை அரைவாசி விரிந்தது. புயல் மறுபடியும் கட்டிலுக்கு அடியில் மையம் கொண்டது.

"அவசரப்பட்டுட்டேன்," என்றது குடை.

"பரவால்ல. நாளைக்குக் கால்வாசி," என்றது கயிறு.

சாயங்காலம் ஞானதுரை வந்து பார்ப்பார். குடை தரையில் கிடக்கும். ஆணி லொடலொடத்துவிட்டது என்று நினைத்து, அம்மிக்குழவியை எடுத்து வந்து நாலு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி மாட்டுவார். ஒவ்வொரு நாளும் தட்டினார். ஆணி பாவம், அதன் கதையை யாரும் கேட்கவில்லை.

இருபதாம் நாள் குடை முழுசாக விரிந்து தரையில் நின்றது. புயல் அதற்கு அடியில் சுருண்டு படுத்துக் குறட்டை விட்டது. "என் மடியில தூங்குதான் பாருங்க," என்று குடை கம்பி சிலிர்க்கச் சொன்னது. செயின்கூட, "சத்தம் போடாதீரும், முழிச்சிரப் போவுது," என்றது.

மறுநாள் காலையில் ஞானதுரையும் புயலும் தெருவுக்குப் போனார்கள். தெருக்கோடியில் ஒரு அம்மா வெயிலுக்குக் குடை பிடித்து வந்துகொண்டிருந்தாள். வெகு தூரம். புயல் அவளைப் பார்த்தது. வால் வெறுமனே தொங்கியது, அவ்வளவுதான். கயிற்றுக்கு நெஞ்சு பூரித்தது.

அப்போது ஞானதுரை அவளைப் பார்த்தார்.

வளையத்துக்குள் கை இறுகியது. உள்ளங்கை வியர்த்தது. "ஒண்ணுமில்லடே," என்றார் நடுங்கி. "ஒண்ணுமில்லடே, ஒண்ணுமில்ல."

கயிறு விறைத்தது. அதனால் வேறென்ன செய்ய முடியும்? வந்ததைக் கொண்டுபோய்க் கழுத்தில் சேர்த்தது. புயல் அன்றைக்குக் குரைத்த குரைப்பில், மாடி ஜன்னலைத் திறந்து அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் குடை அழுதது. "நேத்து எம் மடியில படுத்திருந்தியேடே."

"அது நீங்க அத்தை," என்றது புயல். அதற்கு இன்னும் மூச்சு வாங்கியது. "வெளிய நின்னது ஒண்ணுமில்ல. ஐயா சொன்னாருல்லா? மாமாவும் இறுகினாருல்லா?"

கதவோரத்தில் கிடந்த செருப்பு ஜோடிதான் முதலில் வாயைத் திறந்தது.

"நாங்க சொல்லலாமா?" என்றது இடது செருப்பு. "அவரு வெளிய போறதுக்கு முன்னாடி எங்களை மாட்டிக்கிட்டுக் கதவுக்குப் பின்னால பத்து நிமிஷம் நிப்பாரு. படியில ஆள் சத்தம் அடங்குற வரைக்கும்."

"நாய் கடிச்சிரும்னு அவருக்குப் பயம் இல்ல," என்றது வலது. "குலைச்சா நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க. பாத்தா ஏதாவது கேப்பாங்க. கேட்டா பதில் சொல்லணும். அதான் பயம்."



"அப்ப ரெண்டு முனையிலயும் ஒரே சரக்குதான்," என்றது கயிறு. "இங்க ஏத்தி அங்க இறக்கிக்கிட்டு இருந்திருக்கேன். மூணு வருஷமா."

"நிறுத்த ஒரே வழிதான் இருக்கு," என்றது செயின். முன்பு போல ஏளனமாகச் சொல்லவில்லை. "முடிச்சை விட்டுரும்."

"தோணிக் கயிறு வே நான்."

"தெரியும். விட்ட கயிறைத் தூக்கிக் குப்பையில போட்டுருவாங்க, அதுவும் தெரியும். வழி கேட்டீரு, சொன்னேன்."

ஒண்ணாந்தேதி வந்தது. ஞானதுரை புயலைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். காம்பவுண்டுக் கதவு சாத்தியிருந்தது. முற்றத்தின் மறுகோடியில், கதவுக்கு உள்பக்கமாக, தங்கப்பழம் அண்ணாச்சி நின்றார். ஒரு கையில் பேத்தி. இன்னொரு கையில் வெயிலுக்குப் பிடித்த பெரிய குடை. நடுவில் பதினைந்து அடி.

ஞானதுரையின் கை இறுகத் தொடங்கியது. கயிற்றுக்கு அந்த வியர்வை தெரிந்தது. அவர் உதடு 'ஒ' என்று குவிவதும் தெரிந்தது. இன்னும் ஒரு நொடியில் தபால் கழுத்துக்குப் போய்விடும். அதற்கப்புறம் உப்பளம்.

கயிறு ஒரு கணக்குப் போட்டது. இந்த மூன்று வருஷத்தில் புயல் ஒரு தடவைகூட முன்னால் பாய்ந்ததில்லை. இழுத்ததெல்லாம் பின்னால்தான். அதை இத்தனை நாளும் தாங்கிக்கொண்டு இருந்தவனுக்குத் தெரியாதா?

அது கண்ணை மூடிக்கொண்டது. கொழும்புக் காற்றுக்கு முடிச்சு விடாத கயிறு, மாலத்தீவு மழைக்கு முடிச்சு விடாத கயிறு, வளையத்து முடிச்சை இழை இழையாகத் தளர்த்தி விட்டது. வளையம் நேராயிற்று. ஞானதுரையின் விரலுக்கு இடையில் வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது.

'ஒ' அவர் வாயிலேயே நின்றுபோயிற்று.

புயல் காத்திருந்தது. கழுத்தில் தபால் வரவில்லை. திரும்பிப் பார்த்தது. மாமா தரையில் நீளமாகச் சும்மா கிடந்தது. முன்னால் பார்த்தது. ஒரு குடை. மூக்கைத் தூக்கி மோந்தது. துணி வாசம், கம்பி வாசம். அத்தைக்குத் தூரத்துச் சொந்தம் போல. அதற்குக் கீழே ஒரு பெரியவர். அவர் தோளில் கன்னத்தில் மைப்பொட்டு வைத்த ஒரு சின்ன ஆள்.

"தோ தோ," என்றது சின்ன ஆள்.

புயல் உட்கார்ந்தது. ஒரு கொட்டாவி விட்டது.

அண்ணாச்சி நாயைப் பார்த்தார், ஞானதுரையைப் பார்த்தார், மறுபடி நாயைப் பார்த்தார். "என்ன வே, இது அந்த நாய்தானா? என்ன ஆச்சு இதுக்கு?"

ஞானதுரை செருப்பைப் பார்க்கக் குனிந்தவர், நிதானமாக உட்கார்ந்திருந்த நாயைக் கண்டு நிமிர்ந்தார்.

"ஒண்ணுமில்ல, அண்ணாச்சி," என்றார்.

தரையில் கிடந்த கயிற்றுக்கு உயிரே போய்விட்டது. புயலின் இரண்டு காதும் விறைத்து நின்றன. ஒண்ணுமில்ல என்று சொல்லியாயிற்று. வந்துவிட்டான்.

புயல் எழுந்தது. இடது பக்கம் பார்த்தது. நந்தியாவட்டைச் செடி. வலது பக்கம் பார்த்தது. தண்ணீர்த் தொட்டி. பின்னால் ஐயா; அவர் குரல் இந்தத் தடவை நடுங்கவில்லையே என்று அதற்கு ஆச்சரியம். முன்னால் குடை, பெரியவர், சின்னவர். மேலே வானம். எல்லாவற்றையும் நிதானமாக, இன்னொரு சுற்றுப் பார்த்தது.

"வந்துட்டானாடே?" என்று கயிறு கேட்டது, குரலே எழும்பாமல்.

"வந்துட்டான் மாமா. நல்லாப் பாத்துட்டேன்."

"எப்படி இருக்கான்?"

"அங்க ஒண்ணுமே இல்ல மாமா," என்றது புயல். சொல்லிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தது.

அண்ணாச்சிக்கு நம்பிக்கை வரவில்லை. குடையை மடக்கினார், படாரென்று விரித்தார். புயல், நன்றாக விரிகிறது என்பது போலப் பார்த்தது. இரண்டாம் தடவை விரித்தார். பேத்தி கைதட்டிச் சிரித்தாள்.

"சரியாப் போச்சு," என்றார் அண்ணாச்சி. "இது உப்பளத்துக்கு ஆகாது வே. திருடன் வந்தா எந்திரிச்சு இடம் விடும் போல. நீரே வச்சிக்கிடும். அந்தச் செயினை மட்டும் எடும், உப்பளத்துக் கேட்டைக் கட்டவாவது ஆகும்."

ஞானதுரை உள்ளே போய்ச் செயினை எடுத்து வந்து கொடுத்தார். செயின் தரையில் கிடந்த கயிற்றைப் பார்த்தது. "முடிச்சு விட்டீரு போல," என்றது.

"ஆமா," என்றது கயிறு. "ஒரு தடவை."

"அதையும் இனிமே எல்லார்கிட்டயும் சொல்லுவீரா?"

"சொல்லுவேன். நீரு காத்து அடிக்கிற பக்கமா நிக்காதீரும்."

அண்ணாச்சி திரும்பினார். ஞானதுரை தொண்டையைச் செருமினார். "பாப்பா பேரு என்ன அண்ணாச்சி?"

நாலு வருஷத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அது. அண்ணாச்சி நின்றுவிட்டார். "அவந்திகாவாம். எங்க வாயில நுழையல, தங்கம்னு கூப்பிட்டுக்கிடுதோம். வைகாசியில மொட்டை எடுக்கோம் வே. பத்திரிகையில பேரை ஒழுங்காத் திருத்திப் போடும். போட்டுட்டு, நீரும் வரணும்."

"வாரேன்," என்றார் ஞானதுரை.

அண்ணாச்சி படியேறிப் போனார். செயின் அவர் கையில் கிலுகிலுத்துக்கொண்டே போயிற்று. தோளுக்கு மேலாக ஒரு சின்னக் கை நாயைப் பார்த்து ஆடிக்கொண்டே போயிற்று.

முற்றத்தில் ஞானதுரை குனிந்து கயிற்றை எடுத்தார். அவிழ்ந்துபோன முனையை விரலில் உருட்டிப் பார்த்தார். கயிறு குப்பைத் தொட்டி இருக்கிற திசையைப் பார்க்காமல் இருந்தது. அவர் மறுபடியும் ஒரு வளையம் முடிந்தார். போன தடவையைவிடப் பெரிதாக, கை உள்ளே லேசாகக் கிடக்கிற அளவுக்கு.

பிறகு காம்பவுண்டுக் கதவைத் திறந்தார். யாரும் வருகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்கவில்லை. அதைச் செருப்பு ஜோடிதான் முதலில் கவனித்து, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது.

மனுஷனும் நாயும் தெருவில் இறங்கி நடந்தார்கள். தெருக்கோடியில் யாரோ ஒருவர் குடை விரித்தார். இருவருக்கும் நடுவில் கயிறு தொளதொளவென்று தொங்கிக்கொண்டே போயிற்று. அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு அன்றைக்கு வந்த தபால், ஒண்ணுமில்ல.